பத்தொன்பதாவது போர்டில் தவறவிட்ட கிளாவர்

புதன் இரவு, மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனில் எங்கள் பிரிட்ஜ் சீட்டாட்ட கிளப். மணி பத்தைத் தாண்டிவிட்டது. 24 போர்டுகளில் (ஒரு முறை பங்கிட்ட சீட்டு ஒரு போர்டு) 19ஆவது போர்டு. நான்கு இஸ்பேட் கேட்டு ஆடுகிறேன், இஸ்பேட்தான் துருப்பு. என் கையிலும் டம்மியிலும் (மேசையில் விரித்து வைத்த என் ஜோடியின் சீட்டு) சேர்த்து எட்டுத் துருப்பு, எதிராளிகளிடம் மீதி ஐந்து. முதல் சுற்றில் இருவரும் இஸ்பேட் போட்டார்கள். இரண்டாவது சுற்றில் இடப்பக்கத்தவர் இஸ்பேட், வலப்பக்கத்தவர் கிளாவர். மூன்றாவது சுற்றிலும் வலப்பக்கத்திலிருந்து வேறு சீட்டுதான் வந்தது. சரி, மூன்றும் இரண்டுமாகப் பிரிந்திருக்கிறது, துருப்பு தீர்ந்தது என்று டைமனை இறக்கினேன். இடப்பக்கத்தவரிடம் ஒரு இஸ்பேட் மிச்சம் இருந்தது. வெட்டினார். ஒரு ட்ரிக்கில் (நால்வரும் ஒவ்வொரு சீட்டு போடும் சுற்று) ஆட்டம் போனது. நான்காவது சுற்றுக்கான ஜாக்கி என் கையிலேயே இருந்தது.

“தம்பி, ரெண்டாவது சுத்துலயே அவரு கிளாவர் போட்டாரே, பார்க்கலையா?” என்று ஆட்டம் முடிந்ததும் எதிரே இருந்த என் ஜோடி அண்ணன் கேட்டார். டம்மியாக உட்கார்ந்தவர் நடுவில் யோசனை சொல்லக் கூடாது, அதுவரை பொறுத்திருந்தார்.

பார்த்தேன். அந்தக் கறுப்புச் சீட்டு மேசையில் விழுந்தது இப்போதும் நினைவில் இருக்கிறது. அவரிடம் துருப்பு ஒன்றுதான் இருந்தது என்று அதற்குப் பொருள். ஆனால் அது கணக்கில் ஏறவில்லை. ஐந்து துருப்பு மூன்றும் இரண்டுமாகப் பிரிவது நூற்றுக்கு 68 தடவை நடப்பது. நான்கும் ஒன்றுமாகப் பிரிவது 28 தடவைதான். பார்த்ததை விட்டுவிட்டு, வழக்கமாக நடப்பதை வைத்து மூளை இடைவெளியை நிரப்பிக்கொண்டது.

அந்த இடைவெளி எப்படி உண்டாகிறது என்பதற்கு 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு நல்ல விளக்கம் தருகிறது. வலிப்பு நோய் சிகிச்சைக்காக மூளைக்குள் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்த நோயாளிகளை இரவு முழுக்க விழித்திருக்க வைத்து, படங்களைக் காட்டி விரைவாக அடையாளம் சொல்லச் சொன்னார்கள். பதில் தாமதமான நேரங்களில், அதற்குச் சற்று முன்பே தனித்தனி நரம்பணுக்கள் சோர்ந்துபோயிருந்தன. அவை எழுப்பிய துடிப்பு பலவீனமாகவும் தாமதமாகவும் வந்தது. தூக்கத்தில் வரும் மெதுவான அலைகளைப் போன்றவை, விழித்திருந்த மூளையின் சில பகுதிகளில் மட்டும் தலைகாட்டின. ஆள் விழித்திருக்கிறார், கண் திறந்திருக்கிறது, மூளையின் ஒரு மூலை மட்டும் கண்ணயர்கிறது.

பல வேலைகளில் இந்தச் சிறு தவறல் பெரிதாகத் தெரியாது; இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம். பிரிட்ஜில் அது முடியாது. அவரவர் சீட்டைக் கவிழ்த்து அடுத்த ட்ரிக்குக்குப் போய்விட்டால், முந்தைய ட்ரிக்கைத் திருப்பிப் பார்க்க விதி இடம் தராது. அந்த நொடியில் பிடிக்காத தகவல் போனது போனதுதான்.

இதோடு இடநெருக்கடியும் சேர்கிறது. ஆடுபவர் கண்ணுக்குத் தெரிவது 26 சீட்டு, மறைந்திருப்பது இன்னொரு 26. ஆனால் வேலை நடக்கும்போது மனத்தில் பிடித்துவைக்கும் நினைவில் ஏறக்குறைய நான்கு பொருள்களுக்குத்தான் இடம் என்று 2001இல் உளவியலாளர் நெல்சன் கோவன் வாதிட்டார். தேர்ந்த ஆட்டக்காரர்கள் 26ஐயும் சுமப்பதில்லை. ‘இடப்பக்கம் 4-4-3-2’ (நான்கு வகையிலும் எத்தனை எத்தனை சீட்டு) என்று ஒரு கையையே ஒரே முடிச்சாகக் கட்டிவிடுவார்கள். பல வருடப் பழக்கத்தில் நீண்டகால நினைவில் பதிந்த முடிச்சு அது. அதனால்தான் களைத்த இரவிலும் எனக்கு ஆட்டத்துக்கு முன் கேட்கும் ஏலம் ஓரளவு சரியாக வந்துவிடுகிறது. புதிதாக, அந்தக் கையிலேயே, ஒவ்வொரு சீட்டாக எண்ண வேண்டிய இடத்தில்தான் சறுக்குகிறேன்.

ஆனால் எட்டு மணிக்குத் தெளிவாக ஆடியவன் பத்து மணிக்கு ஏன் தடுமாறினேன்? 1982இல் தூக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பேலி முன்வைத்த விளக்கம் இதற்கு உதவும். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் தூக்க அழுத்தம் ஏறுகிறது. மூளையில் சேரும் அடினோசின் என்ற வேதிப்பொருள் அதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. இன்னொரு பக்கம் உடல் கடிகாரம். மாலையில் அது விழிப்பைத் தாங்கிப்பிடிக்கிறது. இரவு ஏறியதும் அந்தத் தாங்கல் விலக, நாள் முழுக்கச் சேர்ந்த அழுத்தம் மொத்தமாகத் தெரிகிறது.

அதே 1982இன் முதல் நாளில்தான் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி சபா, சரவாக்கோடு சேர்ந்தது. பினாங்கில் இன்று உச்சிவெயில் மதியம் ஒன்றேகாலை ஒட்டித்தான். உடல் வெளிச்சத்தைப் பின்பற்றித் தாமதமாகத் தூங்கப் பார்க்கிறது, அலாரமோ பிள்ளையைப் பள்ளிக்கு விடுவதற்காக இருட்டிலேயே அடிக்கிறது. நடுவில் நசுங்குவது தூக்கம்தான் என்பது என் எண்ணம்.

தூக்கம் வேறு, யோசித்த களைப்பு வேறு. 2022இல் பாரிஸ் ஆய்வாளர்கள், ஆறு மணி நேரத்துக்கு மேல் கடினமான மூளை வேலை செய்தவர்களின் மூளையின் முன்நெற்றிப் பகுதியில் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் கூடியிருந்ததைக் கண்டார்கள். அவர்கள் எளிதாக, சீக்கிரம் கிடைக்கும் பலன்களின் பக்கமே சாய்ந்தார்கள். கடைசிப் போர்டுகளில் ‘எண்ணிப் பார்க்கலாம்’ என்பதை விட்டு ‘போட்டுவிடுவோம்’ என்று கை நீளுவதை இதைப் படித்த பிறகுதான் கவனிக்கத் தொடங்கினேன்.

ஒன்பதரைக்குக் குடிக்கும் ‘கோப்பி ஓ’ (பாலில்லாத காப்பி) உதவாதா? கஃபீன் அடினோசின் உட்காரும் இடத்தை அடைத்துக்கொள்கிறது, அடினோசினை வெளியேற்றுவதில்லை. உடலில் அது பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம். அன்றைய போர்டைக் காப்பாற்றி, அன்றிரவுத் தூக்கத்தைக் கெடுக்கும்.

என்னை உண்மையில் பயமுறுத்தியது 2003இல் வந்த ஓர் ஆய்வு. 14 நாள் தினமும் ஆறு மணி நேரம் மட்டும் தூங்கியவர்களின் கவனம் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போனது. ஆனால் ‘எவ்வளவு தூக்கமாக இருக்கிறது’ என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன பதில் சில நாளிலேயே நின்றுவிட்டது. பழகிவிட்டது என்று நினைத்தார்கள், பழகவில்லை. ‘நான் நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்ற என் உணர்வை இனி நான் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை. கிளப்புக்குப் போகும் நாளில் ஆறரை மணிக்கு இருபது நிமிடம் படுக்கிறேன். துருப்பு இறக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் மிச்சத்தை மனத்துக்குள் சொல்கிறேன்: ஐந்து, மூன்று, இரண்டு, ஒன்று.

அந்தப் புதன்கிழமை ஆட்டம் முடிந்தபோது மணி பதினொன்று. நான் எழுந்தது காலை ஐந்தரைக்கு. 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவருடையதைப் போல ஆகிவிடும் என்று 1997இலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். எனக்கும் அண்ணனுக்கும் வீடு அக்கரையில். 13.5 கிலோமீட்டர் பாலத்தைக் கடக்க வேண்டும்.

கார் நிறுத்தத்தில் அண்ணன் கையை நீட்டினார். “சாவியக் குடு தம்பி. நான் மத்தியானம் தூங்கிட்டேன்.”