ஜப்பானில் சைக்கிள் ஓட்டிக்கொண்டே போன் பேசலாமா?

படிப்புக்கோ வேலைக்கோ ஜப்பான் போகிறவர்கள் பலருக்கு ஸ்டேஷனுக்கும் கடைக்கும் சைக்கிள்தான் துணை. லைசென்ஸ் வேண்டாம் என்பதால் சாலைச் சட்டமும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே சைக்கிளும் சட்டப்படி ஒரு வாகனம்தான். வெளிநாட்டவருக்குத் தனி விதி கிடையாது.

2024 நவம்பர் 1-ஆம் தேதி திருத்தப்பட்ட சாலைப் போக்குவரத்துச் சட்டம் அமலுக்கு வந்தது. ஓடும் சைக்கிளில் போனைக் கையில் பிடித்துப் பேசினாலோ, கையில் வைத்து அதன் திரையை உற்றுப் பார்த்தாலோ 6 மாதம் வரை சிறை அல்லது 1 லட்சம் யென் வரை அபராதம். அதனால் விபத்து போன்ற ஆபத்து நேர்ந்தால் தண்டனை ஓராண்டு வரை சிறை, அல்லது 3 லட்சம் யென் வரை அபராதம் என்று ஏறுகிறது. ஹேண்டில்பாரில் ஸ்டாண்டு மாட்டி மேப் வைத்துக்கொள்ளலாம். ஆனால் போகிற போக்கில் அதையே பார்த்துக்கொண்டிருப்பதற்கும் தடை உண்டு.

2026 ஏப்ரல் 1 முதல் 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 'நீலச் சீட்டு' முறை, அதாவது போலீஸ் சீட்டுக் கொடுத்து, குறிப்பிட்ட தொகையைக் கட்டச் சொல்லும் முறை. போனைக் கையில் பிடித்து ஓட்டினால் 12,000 யென். சிவப்பு விளக்கைத் தாண்டினால்கூட 6,000 யென்தான். போனை எவ்வளவு பெரிய ஆபத்தாகப் பார்க்கிறார்கள் என்பது இதிலேயே தெரிகிறது, அது சரிதான் என்பேன். கெடுவுக்குள் கட்டிவிட்டால் வழக்கு வராது. கட்டாமல் விட்டால் அது குற்ற வழக்காகத் தொடரும். ஆபத்து விளைவித்தவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது, நேராக வழக்குதான்.

அப்புறம், 3 ஆண்டுக்குள் இரண்டு முறை இப்படிச் சிக்கினால் பாதுகாப்பு வகுப்புக்கு வரச் சொல்லி உத்தரவு வரலாம். இது 14 வயதிலிருந்தே பொருந்தும். கட்டணம் நம் கையிலிருந்துதான். போகாவிட்டால் 50,000 யென் வரை அபராதம்.

கையில் பிடிக்காமல் இயர்போனில் பேசினால்? போனைக் கையில் பிடிப்பதைத் தடுக்கும் சட்டப் பிரிவு அதைத் தொடுவதில்லை. ஆனால் சுற்றுச் சத்தம் கேட்காத அளவுக்கு இயர்போன் போடுவதை மாகாண விதிகள் தடுக்கின்றன, அதற்கு நீலச் சீட்டில் 5,000 யென். பின்னால் வரும் வண்டியைச் சைக்கிள்காரர் காதால்தான் முதலில் அறிகிறார். அதனால் இயர்போன் பேச்சும் வேண்டாம் என்றே சொல்வேன்.

நின்றுகொண்டு பேசத் தடையில்லை. ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டாலும் ஓரமாக நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றிவிட்டு எடுங்கள். அடிபட்டவரைக் காப்பாற்ற அவசரமாக அழைக்க வேண்டிய கட்டாயம் வந்தால் சட்டமே விலக்கு தருகிறது.