ஹொமொலொகேஷன்: தமிழில் ஒப்பிசைவு

கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு பார்ட்ஸ் கடை வாசலில் மிட்சுபிஷி லான்சர் எவலூஷன் சிக்ஸ் ஒன்று நின்றது. பின்கண்ணாடியில் விற்பனைத் தாள்: "ரலி ஹொமொலொகேஷன் கார். சேகரிப்பவர்களுக்கு மட்டும்." கடையில் வேலை செய்யும் தம்பி அதைப் பார்க்கவில்லை, முன்பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். நம்பர் பிளேட் நடுவில் இல்லை, ஒரு பக்கமாக ஒதுங்கி இருந்தது. "அண்ணே, இது அடிபட்ட காரா?" என்று கேட்டான்.

அடிபட்ட கார் இல்லை. பிறக்கும்போதே அப்படித்தான். அது ஏன் என்று சொல்லிவிட்டால் தாளில் இருக்கும் சொல்லும் விளங்கிவிடும்.

ரலி என்றால் சாலைகளிலும் காட்டுப் பாதைகளிலும் நேரம் பார்த்து ஓடும் கார்ப் போட்டி. அந்தக் காலத்து உலக ரலிப் போட்டியில், 'ஏ' பிரிவில் ஓடும் கார் கடையில் விற்கும் காரை ஒத்திருக்க வேண்டும். போட்டிக்கென்று தனியாக ஒரு பம்பரைச் செய்து பூட்ட முடியாது. ரலிக் காரின் முகப்புக்குள் காற்று தடையில்லாமல் போய் எஞ்சினைக் குளிர்விக்க வேண்டுமா? அப்படியானால் வீட்டுக்காரர் வாங்கும் காரிலும் அதே வாய், அதே ஒதுங்கிய பிளேட். இப்படிச் சாலைக்கென்று கட்டி, எண்ணிக்கையைக் காட்டி, சர்வதேச மோட்டார் சம்மேளனத்திடம் "இதுவும் அதுவும் ஒன்றே" என்று ஏற்பு வாங்குவதுதான் ஹொமொலொகேஷன். 'ஏ' பிரிவுக்கு முதலில் 5000 கார்கள் கட்ட வேண்டியிருந்தது. 1993இல் அது 2500 ஆனது. 1982இல் வந்த 'பி' பிரிவுக்கு 200 போதும்.

சேகரிப்பவர்கள் தேடி அலைவது பெரும்பாலும் அந்த 200இன் பிள்ளைகளைத்தான். 1984இல் அவுடி, தன் குவாட்ரோவின் முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில் 320 மில்லிமீற்றரை வெட்டி எடுத்து ஸ்போர்ட் குவாட்ரோவைக் கட்டியது. பின் சீட்டில் ஆள் இருக்க இடமில்லை. குடும்பக் காராகப் பார்த்தால் அது பிழை. காட்டுப் பாதையின் வளைவில் சட்டென்று திரும்ப வேண்டிய காருக்கு அதுதான் சரி. விதி இல்லாவிட்டால் அப்படியொரு காரை யாரும் சாலைக்குக் கொண்டுவந்திருக்க மாட்டார்கள். 1986இல் ரலிகளில் நடந்த உயிர்ச்சேதங்களோடு 'பி' பிரிவு முடிந்துபோனது.

சொல்லின் வேர் கிரேக்கம். 'ஹோமோஸ்' என்றால் ஒரே, 'லோகோஸ்' என்றால் சொல். ஒரே சொல்லைச் சொல்வது, அதாவது உடன்படுவது. லத்தீன் வழியாகச் சட்டத்துக்குள் போய், ஏற்று உறுதிசெய்தல் என்ற பொருளைப் பெற்றது. 1962இல் வந்த ஃபெராரி 250 ஜி.டி.ஓ.வின் கடைசி 'ஓ' இத்தாலிய மொழியில் இதே சொல்தான். உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு இதன் உறவுக்காரச் சொல் ஒன்று நன்றாகத் தெரியும்: அமைப்பொத்த நிறமூர்த்தம். ஆங்கிலத்தில் அதன் 'ஹொமொலொகஸ்' என்ற சொல்லும் இந்த வேரிலிருந்து வந்ததே.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'அனுமதி' பொருந்தாது, அது ஓடவிடுவதை மட்டும் சொல்கிறது. திணைக்களக் கடிதங்களில் வரும் 'அங்கீகாரம்' பிழையில்லை. ஆனால் ஒன்றுபோல இருத்தல் என்ற பாதி அதில் விடுபட்டுப்போகிறது. நம் 'ஒப்பு' என்ற சொல்லிலோ இரண்டு பாதியும் ஏற்கெனவே இருக்கின்றன. ஒப்பு என்றால் ஒத்திருத்தல், ஒப்புக்கொள் என்றால் உடன்படு. கையொப்பத்திலும் அதே ஒப்பம் இருக்கிறது. கிரேக்கர் இரண்டு சொற்களை ஒட்டிச் செய்ததைத் தமிழ் ஒரே வேரில் வைத்திருக்கிறது. எனக்கு இதில் உண்மையான மகிழ்ச்சி.

'ஒப்பேற்பு' என்று ஆக்கிப் பார்த்தேன். ஒப்பேற்றுதல், அதாவது எப்படியோ சமாளித்து முடித்தல், காதில் விழுகிறது. அதனால் 'ஒப்பிசைவு' என்பதே என் தெரிவு: ஒப்பு பார்த்து இசைதல். இந்த வகைக் காரை 'ஒப்பிசைவுக் கார்' எனலாம். 'ரலி'யை மட்டும் அப்படியே விட்டுவிடலாம். 'கார் பேரணி' என்று எழுதினால் கொழும்பில் மே தின ஊர்வலம்தான் கண்ணில் வரும்.

அப்புறம் ஒரு விஷயம், வாங்க நினைப்பவர்களுக்கு. சாதாரண லான்சருக்கு எவலூஷன் பம்பரும் பின் இறக்கையும் பூட்டினால் அது ஒப்பு மட்டும்தான், இசைவு இல்லை. பொனட்டைத் திறந்து மொடல் குறியீட்டைப் படியுங்கள். எவலூஷன் சிக்ஸ் என்றால் 'சி.பி.9.ஏ.' என்று இருக்க வேண்டும். செசி நம்பரும் வாகனப் புத்தகத்தில் உள்ளதும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அன்று அந்தத் தம்பியும் நானும் அதைத்தான் செய்தோம். நான் எழுத்து எழுத்தாகப் படித்தேன், அவன் போனில் டோர்ச் பிடித்தான். அது உண்மையான எவலூஷன்தான்.