டெர்மினேட்டர்: துண்டிப்பான் அல்ல, ஈற்றுத்தடை

'கேபிளின் இரு முனைகளிலும் துண்டிப்பானைப் பொருத்தவும்.' மெல்லிய கோஆக்சியல் கேபிளில் கணினிகளை இணைத்த பழைய அலுவலக ஈதர்நெட் வலையமைப்பைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் 'டெர்மினேட்டர்' என்பதை இப்படித் துண்டிப்பான் ஆக்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது. துண்டிப்பதற்கு ஒரு கருவியை யாராவது விலை கொடுத்து வாங்கி மாட்டுவார்களா?

லத்தீனில் 'டெர்மினஸ்' என்றால் எல்லை, எல்லைக்கல். ரோமானியர்கள் எல்லைக்கல்லுக்கென்று அதே பெயரில் ஒரு தெய்வத்தையே வைத்திருந்தார்கள். டெர்மினல், டெர்மினேட்டர் எல்லாம் அந்த வேரில் கிளைத்தவை. வேர்ப்பொருள் எல்லை, வெட்டுவது அல்ல.

பொருளைப் பார்ப்போம். கணினியைக் கேபிளோடு சேர்க்கும் T வடிவ 'டீ' இணைப்பிகளில் கடைசியானதில் திருகி மாட்டும் சிறு மூடி அது. உள்ளே இருப்பது 50 ஓம் மின்தடை. கேபிளின் மின்மறுப்பும் (சமிக்ஞைக்கு அது காட்டும் எதிர்ப்பு, இம்பீடன்ஸ்) அதே 50 ஓம். முனைக்கு வரும் சமிக்ஞையை அது உறிஞ்சிவிடும். அது இல்லாவிட்டால், சுவரில் கட்டிய கயிற்றை உதறினால் அலை திரும்புவதுபோல, சமிக்ஞை வந்த வழியே திரும்பும். கேபிளில் மின்னழுத்தமும் உயரும். கணினிகளில் உள்ள வலையமைப்பு அட்டைகள் அதை மோதல், அதாவது இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் அனுப்பிவிட்டன, என்று எடுத்துக்கொள்ளும். ஒரு மூடி கழன்றால் அந்தக் கேபிளில் உள்ள எல்லாக் கணினிகளும் முடங்கும். ஆக, இணைப்பு துண்டிக்கப்படுவது 'துண்டிப்பான்' இல்லாதபோது! இதைவிடத் தலைகீழான பெயர் வைக்க முடியாது.

வலையமைப்பை நீட்டும்போது இந்தப் பெயர் வம்பையே வளர்க்கும். புதிய கணினியைச் சேர்க்க, கடைசி டீயிலிருந்து மூடியைக் கழற்றி, அங்கே கேபிளை இணைத்து, புதிய கடைசி முனையில் அதை மாட்ட வேண்டும். 'துண்டிப்பான்' என்று படித்தவர் அதை நடுவில் மாட்டினால் அவரைக் குறை சொல்ல முடியுமா?

'முடிப்பான்' என்பாரும் உண்டு. எதை முடிக்கிறது? வினைச்சொல்லைப் பிடித்து வாலில் 'ஆன்' ஒட்டினால் கலைச்சொல் ஆகிவிட்டது என்று நினைக்கும் பழக்கம் மொழிபெயர்ப்பாளர்களை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. கருவியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் அகராதியை மட்டும் பார்த்தால் இதுதான் கிடைக்கும்.

என் சொல் ஈற்றுத்தடை. ஈறு என்றால் கடைசி. 'மகர ஈறு' என்று இலக்கணத்தில் படித்ததுதான். பல் ஈறு நினைவுக்கு வருகிறது என்பவர்கள் ஈற்றெழுத்தை எப்படிப் படித்தார்களோ! தடை என்பது மின்தடை. எங்கே மாட்டுவது, உள்ளே என்ன இருக்கிறது என்ற இரண்டையும் பெயரே சொல்லிவிடுகிறது.

பழுது பார்ப்பவருக்கும் இது உதவும். கணினிகளை அணைத்துவிட்டு, ஒரு டீயை அட்டையிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரில் அளந்தால் ஏறத்தாழ 25 ஓம் காட்ட வேண்டும்: இரண்டு 50 ஓம் தடைகள் பக்க இணைப்பில். 50 காட்டினால் ஓர் ஈற்றுத்தடை இல்லை, அல்லது கேபிள் எங்கோ அறுந்திருக்கிறது. துண்டிப்பானை எதற்கு ஓமில் அளக்க வேண்டும் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

கோஆக்சியல் கேபிள் போய்விட்டதே, இப்போது எதற்கு இந்தச் சண்டை என்று கேட்கலாம். வாகனங்களுக்குள் மின்னணுக் கருவிகளை இணைக்கும் கேன் பஸ் என்ற கம்பித்தடத்தில் இன்றும் இரு முனைகளிலும் 120 ஓம் மாட்டுகிறார்கள். அங்கே மீட்டர் 60 காட்ட வேண்டும். அந்தக் கையேடுகளையும் யாராவது தமிழாக்கத்தானே போகிறார்கள்.