வால்வு ப்ரெஷரை ஏத்தாது, தின்னும்

"ஷவர்ல தண்ணி மெதுவா வருதா, மேல டேங்க் வால்வை கொஞ்சம் மூடி வை, ப்ரெஷர் ஏறிரும்" - இந்த யோசனைய சொல்லாத ஆளே இல்ல. சுத்தமா தப்பு. எந்த வால்வும் ப்ரெஷரை கூட்டாது, கூட்டவும் முடியாது, அதுக்கு தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான், இருக்கற ப்ரெஷர்ல கொஞ்சத்தை தின்னுட்டு மிச்சத்தை அனுப்பறது. ஓஸ் பைப் முனையில கட்டைவிரல வெச்சா தண்ணி பீச்சி அடிக்குதேன்னு கேப்பீங்க. அது முனைங்கறதாலதான் அப்படி. அங்க ஓட்டை சின்னதாகும்போது பைப்புக்குள்ள ஓடற தண்ணி குறையுது, உரசல்ல வீணாப்போற ப்ரெஷரும் குறையுது, அந்த மிச்சம் விரல் பக்கத்துல வந்து வேகமா மாறுது. நடுவுல இருக்கற வால்வை மூடினா அந்த வேகம் அங்கயே சுழிச்சு செத்துரும், ஷவருக்கு வந்து சேராது.

சரி, தின்னறதுக்கு நம்மகிட்ட எவ்வளவு இருக்கு? 10 மீட்டர் உயரத் தண்ணிக்கு ஏறக்குறைய 1 பார் ப்ரெஷர். மொட்டை மாடியில டேங்க் வெச்ச ஒரு மாடி வீட்டுல, டேங்க் அடிமட்டத்துக்கும் ஷவர் தலைக்கும் நடுவுல 2 மீட்டர் இருந்தா அதிகம். அதாவது 0.2 பார், அவ்வளவுதான் சொத்து. ப்ரெஷர் பம்ப் போட்ட ஃப்ளாட்ல 2, 3 பார் இருக்கும், அங்க எந்த வால்வு போட்டாலும் பெருசா தெரியாது. நம்ம டேங்க் வீட்டுலதான் வால்வு வகை பாத்து வாங்கணும்.

உதாரணத்துக்கு அரை இஞ்ச் பைப்புல நிமிஷத்துக்கு சுமார் 10 லிட்டர் போகுதுன்னு வெச்சுக்கோங்க, வேகம் செகண்டுக்கு 1 மீட்டர் வரும். அந்த லைன்ல குளோப் வால்வு ஒண்ணு இருந்தா, அது முழுசா திறந்திருந்தாக்கூட அரை மீட்டர் உயரத்துக்கான ப்ரெஷரை தின்னுரும், நம்ம 2 மீட்டர்ல கால்வாசி போச்சு. ஏன்னா அதுக்குள்ள தண்ணி நேரா போகாது, மேல ஏறி ஒரு வட்ட ஓட்டை வழியா திரும்பி எஸ் எழுத்து மாதிரி வளைஞ்சு போகும். அந்த ஓட்டைய மேலேருந்து ஒரு தட்டு வந்து அடைக்கும், வாஷர் போட்ட பழைய பித்தளை குழாய், ஸ்டாப் காக் எல்லாம் இந்த சாதிதான். அதே இடத்துல, ஒரு தகடு மேலேருந்து இறங்கி வழிய அடைக்கற கேட் வால்வு இருந்தா போறது 1 சென்டிமீட்டர் அளவுக்குத்தான், பைப் அளவுக்கே ஓட்டை போட்ட உருண்டை உள்ள சுத்தற ஃபுல் போர் பால் வால்வுன்னா அதுவும் இல்ல.

அப்ப குளோப் வால்வு எதுக்கு? கட்டுப்படுத்தறதுக்கு அதுதான் ராஜா. திருகத் திருக தட்டு, அது போய் உக்கார்ற சீட்டை விட்டு கொஞ்சம் கொஞ்சமா விலகறதால தண்ணி அளவும் ஓரளவு சீரா கூடும். கேட் வால்வுல அது நடக்காது. முழுசா திறந்ததுலேருந்து பாதி மூடற வரைக்கும் ஒரு மாற்றமும் கண்ணுக்கு தெரியாது, ஏன்னா அதுவரைக்கும் லைன்ல பெரிய தடை பைப்பும் எல்போவும்தான், வால்வு இல்ல. கடைசி ஒரு சுத்துலதான் எல்லாம் நடக்கும். அந்த நிலையில விட்டு வெச்சா கேட் தகடு ஆடும், தண்ணி அடியில வேகமா பீச்சி சீட்டை அரிக்கும், பிறகு முழுசா மூடினாலும் சொட்டும். பால் வால்வை பாதியில விட்டாலும் இதே கதைதான், உள்ள இருக்கற டெஃப்லான் சீட் ஒரு பக்கமா தேஞ்சுரும். ரெண்டுமே ஒண்ணு திறக்கணும், இல்ல மூடணும்.

போர் தண்ணி வீட்டுல பழைய கேட் வால்வை கழட்டி பாத்தா விஷயம் புரியும். கேட் போய் உக்கார்ற அடிப்பள்ளத்துல வெள்ளையா உப்பு கட்டியிருக்கும், தகடு கடைசி வரைக்கும் இறங்காது. நாம விடுவோமா, ரென்ச்ச போட்டு திருகுவோம். கைப்பிடியோட சேந்து சுத்தற தண்டு, அதாவது ஸ்பிண்டில், கேட்டை பிடிச்சிருக்கற இடம் உடைஞ்சுரும், அப்புறம் கைப்பிடி ஜாலியா சுத்தும், கேட் இருந்த இடத்துலயே இருக்கும். வெளியேருந்து பாத்தா திறந்திருக்கா மூடியிருக்கான்னு தெரியாதது இன்னொரு தொல்லை. பால் வால்வுல லீவர் பைப்போட படுத்திருந்தா திறப்பு, குறுக்க நின்னா மூடல். என்னை கேட்டா டேங்க் அவுட்லெட்டுக்கு இப்ப ஃபுல் போர் பால் வால்வுதான், ஆனா கடையில வாங்கும்போது லீவரை திறந்து வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு பாருங்க, உள்ள ஓட்டை பைப் அளவுக்கு இல்லாம சுருங்கியிருந்தா வெச்சுட்டு வந்துருங்க.

அப்படியே இன்னொண்ணு, டேங்க் வால்வுக்கு அடுத்தாப்ல மேல நீட்டிக்கிட்டு நிக்கிற ஏர் பைப்பை வேஸ்ட்னு வெட்டிராதீங்க, பைப்புக்குள்ள காத்து மாட்டி தண்ணிய மறிக்கற ஏர் லாக் ஆகாம காப்பாத்தறது அதுதான்.

வேகமா மூடறதுல ஒரு ஆபத்தும் இருக்கு. வாஷிங் மெஷின் தண்ணி எடுத்து முடிக்கும்போது சுவத்துக்குள்ள 'டொக்'குன்னு ஒரு சத்தம் கேக்கும் பாருங்க, உள்ள இருக்கற, கரண்ட்ல திறந்து மூடற சோலினாய்டு வால்வு கண் சிமிட்டறதுக்குள்ள மூடிக்கறதாலதான் அது. ஓடிக்கிட்டிருந்த தண்ணிக்கு போக இடமில்லாம மோதுது. மாஸ்கோ நகர குடிநீர் பைப்புகள்ல சோதனை பண்ணி ரஷ்ய விஞ்ஞானி ஜுகோவ்ஸ்கி 1898-லயே இதுக்கு கணக்கு போட்டுட்டார். 1 மீட்டர் வேகத்துல போற தண்ணிய ஒரே கணத்துல நிறுத்தினா இரும்பு பைப்புல 12 பார் அளவுக்கு அடி விழும், பிவிசி கொஞ்சம் விரியறதால 3லேருந்து 5 பார். வீட்டு பைப் நீளம் கம்மிங்கறதால முழு அடி விழறது அபூர்வம், இருந்தாலும் ஜாயிண்ட் வருஷக்கணக்கா இந்த குட்டு வாங்கிக்கிட்டே இருக்கும். மெஷின் லைன்ல இருக்கற ஆங்கிள் காக்கை கொஞ்சம் குறைச்சு வெச்சு வேகத்தை இறக்கினா சத்தமும் அடங்கும்.

என்ஆர்வி, அதாவது நான் ரிட்டர்ன் வால்வு, வேற ரகம், கைப்பிடியே கிடையாது, தண்ணிய ஒரு பக்கம் மட்டும் விடும். ஸ்ப்ரிங் வெச்சது திறக்கவே கொஞ்சம் ப்ரெஷர் கேக்கும், அதனால டேங்க்லேருந்து தானா இறங்கற லைன்ல கதவு மாதிரி ஆடற ஸ்விங் வகைதான் நல்லது. வால்வு மேல இருக்கற அம்புக்குறி தண்ணி போற திசைய பாத்து இருக்கணும்.

கீசருக்கு போற குளிர் தண்ணி லைன்ல என்ஆர்வி போட்டா மட்டும் ஒரு கணக்கு தெரிஞ்சிருக்கணும். 25 டிகிரி தண்ணி 65 டிகிரிக்கு சூடானா கிட்டத்தட்ட 1.7 சதவீதம் விரியும், 15 லிட்டர் கீசர்ல அது கால் லிட்டர். என்ஆர்வி இல்லேன்னா அந்த கால் லிட்டர் வந்த வழியே டேங்க் பக்கம் போயிரும், இருந்தா போக வழியில்ல, அப்ப ப்ரெஷர் ஏறி கீசர் அடியில இருக்கற சேஃப்டி வால்வு திறந்து சொட்டும். சொட்டுதேன்னு சிலர் அதுல எண்ட் கேப் போட்டு அடைச்சுடறாங்க, தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க, கீசர்ல வெடிக்காம தடுக்கற கடைசி பூட்டு அது. ஒரு சின்ன டியூப் மாட்டி பாத்ரூம் தரையில விட்டுட்டா வேலை முடிஞ்சது.