சூரியனுக்கும் இதயத்துக்கும் ஒரே வால்

ரஷ்ய மொழி படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “சூரியன் ‘சோன்ட்ஸெ’, இதயம் ‘ஸேர்ட்ஸெ’. இரண்டும் ஏன் ‘ட்ஸெ’ என்றே முடிகின்றன?”

அது ஒரு விகுதி. ரஷ்யன், போலிஷ், செக், செர்பியன் எல்லாவற்றுக்கும் தாயான மூல ஸ்லாவிய மொழியில், ஒன்றைச் சின்னதாக, செல்லமாகச் சொல்ல அதைச் சேர்த்தார்கள். அந்த மொழியில் எழுதிய ஏடு எதுவும் கிடையாது. பிள்ளை மொழிகளை ஒப்பிட்டு மீட்டதுதான்.

விகுதியின் பழைய உருவம் ‘இக’ போன்றது. ஆட்டுக்குச் சமஸ்கிருதத்தில் ‘அவிகா’, செக் மொழியில் ‘ஒவ்ட்ஸெ’. ‘க’ எப்படி ‘ட்ஸ’ ஆனது? எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். ககரத்துக்கு அடிநாக்கு எழ வேண்டும். இகரத்துக்கோ நாக்கு முன்னே போகும். முன்னே போன நாக்கு திரும்புவதற்குள் அடுத்த மெய் வந்துவிட்டால், அதுவும் முன்னாலேயே பிறந்துவிடுகிறது. பல மொழிகளில் பின்னால் வரும் உயிர்தான் மெய்யை இப்படி மாற்றும். இங்கே மாற்றியது முன்னால் நின்ற உயிர். நம் வாயும் இதைச் செய்கிறது: ‘படித்தான்’ பேச்சில் ‘படிச்சான்’ ஆகிறது, ‘நினைத்தான்’ ‘நினைச்சான்’ ஆகிறது. ‘எடுத்தான்’ மாறுவதில்லை, அங்கே முன்னால் நிற்பது உகரம்.

ஓசை ஒத்திருந்தாலே உறவு என்று காணொளி போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ‘அவிகா’வும் ‘ஒவ்ட்ஸெ’யும் காதுக்கு அவ்வளவாக ஒத்துப்போகவில்லை. ஆனாலும் உறவு உறுதி, ஏனென்றால் அதே விதி அப்பாவைக் குறிக்கும் ‘அத்யேட்ஸ்’ என்ற ரஷ்யச் சொல்லிலும் சூரியனிலும் இதயத்திலும் பிசகாமல் வேலை செய்கிறது.

அப்புறம், சுமார் 10 முதல் 12ஆம் நூற்றாண்டுக்குள், அந்தக் குறுகிய இகரம் பல இடங்களில் உதிர்ந்தது. நடுவில் உயிர் போனதும் மெய்கள் ஒன்றையொன்று நெருக்கின. அதனால்தான் ரஷ்யனில் சூரியனை எழுதும்போது ‘ல்’ உண்டு, சொல்லும்போது இல்லை. இதயத்தில் ‘த்’ நிலையும் அதேதான். ‘இதயங்களின்’ என்று சொல்ல ‘ஸிர்தேட்ஸ்’ என்பார்கள். அங்கே பழைய இகரம் எகரமாகப் பிழைத்துக்கொண்டதால் ‘த்’ தெளிவாகக் கேட்கிறது.

இதற்குள் செல்லமும் தேய்ந்துவிட்டது. ‘அத்யேட்ஸ்’ இன்று ‘தந்தை’ போல மரியாதையான சொல், குழந்தை கூப்பிடும் சொல் அல்ல. கொஞ்சுவதற்குப் புது விகுதி வேண்டியிருந்தது. ரஷ்ய அம்மாக்கள் பிள்ளையை ‘சோல்னிஷ்க’, குட்டிச் சூரியனே, என்று கூப்பிடுகிறார்கள். அதில் ‘ல்’ நன்றாகவே ஒலிக்கிறது.