பிள்ளையின் கேள்வியை ஜெபத்தால் மூடிவிடாதீர்கள்

சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு தாய் தம் மகளை என் அறைக்கு அழைத்து வந்து, "ஐயா, இவளுக்கு விசுவாசமே போய்விட்டது, தலையில் கை வைத்து ஜெபியுங்கள்" என்றார். கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கும் அந்தப் பெண்ணின் கையில் இருந்த நோட்டில் 11 கேள்விகள் எண்ணிட்டு எழுதப்பட்டிருந்தன. எனக்கு முன் மூன்று ஊழியர்களிடம் அவள் போயிருந்தாள். மூவரும் ஜெபித்தார்கள், ஒருவரும் நோட்டைத் திறக்கவில்லை. இப்படி வந்த பிள்ளைகள் பலரைப் பார்த்து மனம் நொந்தே இதை எழுதுகிறேன்.

சபை குறைந்துவருகிறது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தம்மைக் கிறிஸ்தவர் என்று குறித்தவர்கள் சுமார் 72 சதவீதம், 2021இல் 46.2 சதவீதம் என்று பிரசங்கத்தில் சொல்லி, இது கடைசிக் காலம், ஜெபம் ஒன்றே வழி என்று முடித்துவிடுகிறோம். ஜெபம்தான் வழி என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் ஜெபித்துவிட்டால் பதில் சொல்லும் கடமை தீர்ந்துவிட்டது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? வேதாகமத்தில் கொலோசெயர் நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். சிறையில் கட்டப்பட்டிருந்த பவுல், வசனத்துக்குத் தேவன் வாசலைத் திறக்கவும், தாம் பேசவேண்டிய விதமாய்ப் பேசவும் ஜெபிக்கும்படி கேட்கிறார். அதே மூச்சில், அவனவனுக்கு எப்படி உத்தரவு (அதாவது பதில்) சொல்லவேண்டும் என்பதை அறிந்திருங்கள் என்கிறார். உத்தரவு சொல்வதற்காகவே அங்கே ஜெபம் கேட்கப்படுகிறது. வாயைத் திறக்குமுன் செய்யவேண்டியதை, கேட்பவரின் வாயை அடைக்க நாம் பயன்படுத்துகிறோம். கேள்வியோடு வந்த பிள்ளைக்கு அந்த ஜெபம் "இனிப் பேசாதே" என்றே கேட்கிறது.

தம் மகன் அகஸ்டினுக்காக அழுது ஜெபித்த மோனிக்காவின் கண்ணீரைச் சொல்லி என்னை மறுப்பவர்கள் உண்டு. தம் மகனோடு வாதாட வேண்டும் என்று அவர் ஓர் ஆயரைக் கெஞ்சியதும், அந்த ஆயர் மறுத்து, இத்தனை கண்ணீருக்குரிய மகன் கெட்டுப்போகமாட்டான் என்று அனுப்பியதும் உண்மைதான். அந்தக் கதையை அத்தோடு நிறுத்திவிடுவதுதான் தவறு. பழைய ஏற்பாட்டைக் குறித்து அகஸ்டினுக்கு இருந்த தடைகளை, பின்னாளில் மிலானில் அந்நகர ஆயர் அம்புரோஸ் செய்த பிரசங்கங்கள் ஒவ்வொன்றாக விலக்கின. 387இல் அதே அம்புரோஸின் கையால் அவர் ஞானஸ்நானம் பெற்றார். தாயின் ஜெபம் பதில் சொல்லத் தெரிந்த ஒரு மனிதரிடம் மகனைக் கொண்டுசேர்த்தது என்றே நான் வாசிக்கிறேன்.

எதிர்ப்பக்கத்தில், ஒரு நிமிடமும் முழங்காலிடாமல் இரவெல்லாம் கைபேசியில் வாதாடும் இளைஞர்களுக்கும் சொல்லவேண்டியிருக்கிறது: உத்தரவு சொல்லுங்கள் என்ற பேதுரு, சாந்தத்தோடு சொல்லுங்கள் என்றும் எழுதியிருக்கிறார். எவர் பெயரைச் சொல்லி நீங்கள் ஜெபிப்பதில்லையோ அவரோடு பேசும்போது உங்களுக்கு அந்தச் சாந்தம் வருவது கடினம்.

அந்தப் பெண்ணிடம் நோட்டைத் தரும்படி கேட்டேன். கல்லறைக்குப் போன பெண்கள் எத்தனை பேர், நான்கு சுவிசேஷங்களும் ஏன் ஒத்துப்போகவில்லை என்பது முதல் கேள்வி. யோவான் மகதலேனா மரியாளை மட்டும் குறிப்பிட்டாலும், 20:2இல் அவள் "எங்களுக்குத் தெரியவில்லை" என்ற பொருளில் பன்மையில் பேசுவதைக் காட்டினேன். கூட வேறு பெண்களும் இருந்திருக்கலாம் என்று அவளே சொன்னாள். (மூல மொழியிலும் அந்த வினை பன்மையே; மொழிபெயர்ப்பாளரின் கைவண்ணம் என்று நினைக்கவேண்டாம்.) ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்காக அவள் எத்தனை மாதம் அலைந்திருக்கிறாள்!

பெற்றோரே, பிள்ளை கேட்டால் பதறாதீர்கள், பாவம் என்று அதட்டாதீர்கள். முதலில் தனியே ஜெபியுங்கள், பிறகு கேள்வியை முழுதும் கேளுங்கள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லி, ஒரு நாள் குறித்து, அந்த நாளில் கட்டாயம் அமருங்கள். உடன் ஊழியர்களே, தயவுசெய்து தலையில் கை வைக்குமுன் நோட்டைத் திறந்து பாருங்கள்.

அன்று நான்கு கேள்விகளோடு நிறுத்தினோம். நான்காவதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. அடுத்த ஞாயிறு வரை அவகாசம் கேட்டிருக்கிறேன். காலை ஜெபத்தில் அவள் பெயரோடு அந்தக் கேள்வியையும் சொல்லிவிட்டுத்தான் இப்போது புத்தகத்தைத் திறக்கிறேன்.