வெள்ளி நிறப் பல் அடைப்பு: சங்கம் சொன்னால் சட்டமா?

பல் அடைக்கிற, பாதரசம் சேர்ந்த வெள்ளி நிறக் கலவையை (அமல்கம்) தடை செய்துவிட்டார்கள், வாயில் இருந்தால் உடனே போய் எடுத்துவிடுங்கள் என்று யாராவது சொன்னால் பதற வேண்டாம். அதில் பாதிதான் உண்மை, மற்றப் பாதியை நம்பிப் போனால் நல்ல பல்லும் கெடும்.

முதலில் யார் சொன்னால் எது செல்லும் என்று பார்ப்போம், குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. பல் மருத்துவச் சங்கம் என்பது டொக்டர்மார் சேர்ந்து நடத்துகிற தொழில்சார் அமைப்பு. எங்கள் நாட்டுச் சங்கம் மாதிரி ஒவ்வொரு நாட்டிலும் இருக்கிறது, இவற்றுக்கு மேலே உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பு இருக்கிறது, அதன் பொதுச்சபை கூடிக் கொள்கை அறிக்கைகளை நிறைவேற்றும். அந்த அறிக்கை டொக்டருக்கு வழிகாட்டல், அவ்வளவுதான். அதை மீறினார் என்று சங்கம் ஒருவருடைய பதிவை எடுக்க முடியாது, பதிவு இலங்கை மருத்துவ சபையின் கையில் இருக்கிறது. அரச வைத்தியசாலைகளுக்கு அறிவுறுத்தல் அனுப்புவது சுகாதார அமைச்சு. வேலைநிறுத்தம் என்று பேப்பரில் வருகிற சங்கம் தொழிற்சங்கம், அது வேறு.

அதனால்தான் ஒரே பொருளுக்கு ஊருக்கு ஒரு கதை கேட்கிறது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் இந்தக் கலவை நீடித்து உழைக்கும், பாதுகாப்பானது என்ற நிலைப்பாட்டில் நிற்கிறது. அதே நாட்டின் உணவு மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறு பிள்ளைகள், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் முடிந்தவரை தவிர்ப்பது நல்லது என்று 2020இல் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியமோ 2025 ஜனவரி 1 முதல், மருத்துவ ரீதியாகக் கட்டாயம் தேவைப்பட்டாலொழிய, பாவிக்கக் கூடாது என்று சட்டமே போட்டுவிட்டது.

எங்களைக் கட்டுப்படுத்துவது மினமாட்டா உடன்படிக்கை, பாதரசப் பாவனையைக் குறைக்க நாடுகள் சேர்ந்து செய்துகொண்டது. இலங்கை அதில் 2017இல் சேர்ந்தது. 2022இல் உறுப்பு நாடுகள் இரண்டு முக்கியமான விஷயங்களை முடிவு செய்தன. 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும் இந்தக் கலவையை வைக்க நாடுகள் விடக் கூடாது அல்லது வைக்க வேண்டாம் என்று பரிந்துரைக்க வேண்டும், டொக்டர் அந்த நோயாளிக்கு அவசியம் என்று கருதினால் மட்டும் விலக்கு. மற்றது, பாதரசத்தைப் போத்தலில் வைத்துக் கையால் தூளோடு கலக்கிற பழைய முறைக்கு இடமில்லை, அளந்து மூடிய குளிசை போன்ற சிறு கூட்டில் வருவதைத்தான் பாவிக்கலாம். 2025 நவம்பரில் ஜெனீவாவில் கூடியபோது, 2034க்குள் பாவனையை முடித்துக்கொள்வது என்று ஒத்துக்கொண்டார்கள்.

ஏன் இவ்வளவு பாடு? அந்தக் கலவையில் ஏறத்தாழப் பாதி பாதரசம், மிச்சம் வெள்ளி, தகரம், செம்பு. பல்லில் இறுகிக் கிடக்கிற அடைப்பைவிட, உலகம் கூடக் கவலைப்படுவது கழிவைப் பற்றித்தான். பழைய அடைப்பைத் துருவும்போது வாய் கொப்பளித்துத் துப்புகிற தண்ணீரோடு துகள் போகிறது. வடிகட்டி பூட்டாத இடத்தில் அது நேரே குழிக்குள் இறங்கும். யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுக்க ஓடுகிற ஆறு இல்லை, சுண்ணக்கல்லுக்குள் ஊறுகிற தண்ணீரைத்தான் கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த நாட்களை மறக்காதவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த முடிவை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

ஆனால் டொக்டர்மார் தயங்குவதிலும் நியாயம் இருக்கிறது. நீல வெளிச்சம் பிடித்து இறுக்குகிற வெள்ளைப் பசைக்குப் பல் காய்ந்திருக்க வேண்டும். கடைவாய்ப் பல்லில், பஞ்சுச் சுருளுக்குப் பக்கத்தால் எச்சில் ஒழுகிக்கொண்டிருக்க, கீழே வரிசையில் ஆட்கள் காத்திருக்க, அதை ஒழுங்காக வைப்பது லேசுப்பட்ட வேலையில்லை, செலவும் கூட. பழைய கலவை கொஞ்சம் ஈரம் பட்டாலும் தாங்கும். பிள்ளைகளின் பாற்பல்லுக்கு வைக்கிற வெள்ளைச் சிமெந்து சுகமாக வைக்கலாம், புளோரைட்டும் கசியும், ஆனால் பெரியவர்களின் கடைவாய்ப் பல்லில் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது என்ன? வாயில் இருக்கிற அடைப்பு உடையாமல், ஓரம் அரிக்காமல் இருந்தால் விட்டுவிடுங்கள். துருவி எடுக்கும்போதுதான் பாதரச ஆவி கூட வெளிவரும், நல்ல பல்லின் ஒரு பகுதியும் சேர்ந்து போகும். தடை வந்துவிட்டது, எல்லாவற்றையும் மாற்றுவோம் என்று யாராவது காசு கேட்டால் இன்னொரு டொக்டரிடம் காட்டாமல் சம்மதிக்காதீர்கள்.

3 முதல் 13 வயது வரையான பிள்ளைகளைப் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்தில் இலவசமாகக் காட்டலாம். கர்ப்பிணி என்றால் மிட்வைஃபிடம் சொல்லிப் பல் கிளினிக்குக்குப் போங்கள், வலி வரும்வரை இருக்க வேண்டாம். கதிரையில் இருந்ததும் முதல் வேலையாகக் கர்ப்பம், பாலூட்டுதல், சிறுநீரக வருத்தம் எதுவென்றாலும் சொல்லுங்கள், பிறகு "டொக்டர், என்ன வைச்சு அடைக்கப் போறீங்கள்?" என்று கேளுங்கள். வெள்ளி நிறக் கலவைதான் என்று சொன்னால் காரணத்தையும் கேட்கலாம், கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் அவசியம் என்றால்தான் வைக்கலாம் என்பதால் அந்தக் காரணத்தைச் சொல்ல வேண்டியது அவருடைய பொறுப்பு.